நாலரை மாதப் பொயின்ரர் நாய்க்குட்டி கோழியைக் கண்டால் சிலையாகிறது. இதை எப்படி வளர்ப்பது?

வடலியடி | மே 11

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். கொழும்பில் இருந்த மச்சான் குடும்பத்தோடு வெளிநாடு போனதால் அவருடைய பொயின்ரர் குட்டி எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தது. பறவை இருக்கிற இடத்தை அசையாமல் நின்று காட்டுகிற வேட்டை நாய் இனமாம். வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள். நாலரை மாதம். பெயர் சுட்டி. பெயர் வைத்தது மகள், அதன் குழப்படியைப் பார்த்து. அது உண்மையாகவே சுட்டிக்காட்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

போன கிழமை வெங்காயம் கிண்டி முடிந்த தறையில் அவிழ்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கதியால் வேலிக்குக் கீழே மண் குளித்துக்கொண்டு இருந்தது. குட்டி ஓடிவந்த வேகத்தில் அப்படியே நின்றது. முன்னங்கால் ஒன்று பாதியில் மடங்கியபடி, வால் கம்பி மாதிரி. மூக்குத் துவாரம் மட்டும் அசைந்தது. அரை நிமிடம் இருக்கும். அப்புறம் கோழி கொக்கரிக்க இவர் பாய்ந்துவிட்டார்.

யாரும் பழக்கவில்லை. எனக்கு வேட்டையில் ஆசை இல்லை, துவக்கும் இல்லை. ஆனால் இரத்தத்தில் வந்த ஒன்றை வீணாக்கவும் மனமில்லை. யூடியூப் பார்த்துத் தூண்டில் தடியில் கோழிச் சிறகைக் கட்டி, ஒவ்வொரு பின்னேரமும் அரை மணித்தியாலம் ஆட்டிக் காட்டுகிறேன். நன்றாக நிற்கிறது. செய்வது சரிதானா?

கிணற்றுத்தவளை | மே 11

எங்கள் வீட்டு நாயும் இப்படித்தான் சிலையாக நிற்கும். மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டால்.

பனிமலை மாமா | மே 12

தம்பி வடலியடி, முதலில் அந்தத் தூண்டிலை எடுத்துக் கூரை இறப்பில் செருகிவிடுங்கள்.

நான் நோர்வேயில் இருக்கிறேன். பொயின்ரர் மாதிரியே பறவை காட்டுகிற செற்றர் நாய்களோடு இருபது வருடத்துக்கு மேல். முதல் நாயை நானும் இதே தூண்டிலால்தான் கெடுத்தேன். சிறகைக் கண்டு நிற்கிற நாய் கண்ணால் நிற்கிறது. உங்களுக்குத் தேவை மூக்கால் நிற்கிற நாய். பறவை புல்லுக்குள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தினமும் சிறகாட்டிப் பழகிய குட்டி, கண்ணுக்கு ஏதாவது அசைகிறதா என்று தலையைத் தூக்கித் தேடும். மணத்தை நம்பாது. குட்டிக்குள் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு தரம் காட்டலாம். நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இருக்கிறது. இனிப் போதும். அதோடு, ஒரு முறையாவது சிறகைப் பாய்ந்து பிடித்துவிட்டால், பாய்ந்தால் பிடிக்கலாம் என்பதைப் படித்துவிடும்.

இது எங்கிருந்து வருகிறது என்று விளங்கினால் மற்றது சுலபம். பூனை அணிலைப் பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்க்கும், பதுங்கும், பாய்வதற்கு முன் ஒரு கணம் அப்படியே உறையும். நாய்க்கும் அதே வரிசைதான்: மணக்கும், பதுங்கும், உறையும், பாயும், கடிக்கும். அந்த உறையும் கணத்தை மட்டும் மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து நீட்டினான். நல்ல வேட்டைத் துவக்குகள் வருவதற்கு முன்பே ஐரோப்பாவில் இப்படி நாய்கள் இருந்தன. நாய் பறவைக்கு முன்னால் பதுங்கிப் படுக்கும், ஆட்கள் நாய்க்கும் சேர்த்து மேலால் வலையை வீசுவார்கள். செற்றர் என்ற பெயரே அந்தப் பதுங்கலில் இருந்து வந்ததுதான்.

ஆகவே நிற்பதை நீங்கள் பழக்க முடியாது, அது பழகி வந்திருக்கிறது. அது கெடாமல் பார்ப்பதுதான் வேலை. இப்போதைக்கு இரண்டு காரியம். ஒன்று, காற்றுக்கு எதிராக நடத்துங்கள். உங்களுக்கு இனிச் சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, ஆகவே தறையின் வடகிழக்கு மூலையால் உள்ளே போங்கள். குட்டி தானாகவே இடம் வலமாக வெட்டி ஓடத் தொடங்கும். இரண்டாவது கொஞ்சம் கஷ்டம்: வாயை மூடிக்கொள்ளுங்கள். குட்டி நிற்கும்போது “நில் நில், கெட்டிக்காரன்” என்று கத்தினால் அதன் கவனம் பறவையை விட்டு உங்களிடம் வந்துவிடும்.

வன்னியான் | மே 12

மாமா சொல்வது வெள்ளைக்காரன் நாய்க்குச் சரியாக இருக்கலாம். நாங்கள் முள்ளியவளைப் பக்கம். என்னுடைய அப்பு காலத்தில் வீட்டில் ஆறு நாய் நின்றது, எல்லாம் ஊர் நாய்தான். உடும்பு, முயல், பன்றி மூன்றுக்கும் அதே நாய்கள். குட்டிக்கு முதல் இரத்தம் காட்ட வேண்டும், ஈரலில் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது வேட்டை நாய். சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற நாயை வைத்து என்ன செய்வது, கோயில் வாசலில் வைப்பதா?

பனிமலை மாமா | மே 12

அப்பு வைத்திருந்தது மடக்கிப் பிடிக்கிற நாய், ஐயா. அதற்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இது காட்டிக் கொடுத்துவிட்டு நிற்கிற நாய். தச்சனின் உளியை வாங்கி விறகு கொத்தக் கூடாது.

நாலுகால் நண்பி | மே 13

யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. மிகச் சில பறவைகளைத் தவிர மற்றதெல்லாம் அதற்குள் வரும், கௌதாரியும் உட்பட. வடலியடி அண்ணை வேட்டை வேண்டாம் என்று எழுதியது சந்தோஷம். ஆனால் நாயைக் கொண்டு காட்டுப் பறவையைத் திரும்பத் திரும்பக் கிளப்புவதும் தொந்தரவுதான். கௌதாரி, ஆட்காட்டி எல்லாம் தரையில் முட்டை இடுகிறவை. ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் கிட்டடியில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நாயைத் திருப்பிக் கூட்டி வாருங்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா மாதிரி இடங்களுக்கு நாயோடு போகவே வேண்டாம்.

நான் மிருக வைத்தியசாலையில் உதவியாளராக வேலை செய்கிறேன், அதனால் இன்னும் கொஞ்சம். காலை ஏழரைக்குப் பிறகு இந்தக் குட்டியை வெளியில் ஓடவிடாதீர்கள். நாய் இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். வாயால் இரைக்கிற நேரத்தில் மூக்கு வேலை செய்வது குறைவு, ஆகவே வெயிலில் கொண்டுபோனால் சூடும் ஏறும், பாடமும் ஏறாது. 41 பாகைக்கு மேல் உடம்பு சுட்டால் உயிருக்கு ஆபத்து. வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, வாலடி பார்த்து உண்ணி எடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் மெலிந்து, மூக்கால் இரத்தம் வடிந்த நாய்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றுத்தானே?

பாம்பும் இருக்கிறது. மணல் தறையில் சுருட்டை கிடக்கும். மூக்கை நிலத்தோடு கொண்டுபோகிற நாய்க்குக் கடி முகத்தில்தான்.

வடலியடி | மே 13

ஊசி போட்டாயிற்று அக்கா. தூண்டில் இறப்புக்குப் போய்விட்டது. வாயை மூடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வடலியடி | மே 29

உறவுகளே, பெரிய பிழை ஒன்று நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தேன். படலை திறந்து கிடந்திருக்கிறது. சுட்டி பக்கத்து வளவுக்குள் போய் அடைகாத்துவிட்டு இறங்கிய கோழியைப் பிடித்துவிட்டது. கொன்றுவிட்டது. அந்த வீட்டு அன்ரி சத்தம் போட, அப்பா ஓடிப்போய், செத்த கோழியைக் குட்டியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பூவரசங் கம்பால் நாலைந்து அடி போட்டிருக்கிறார். நான் வரும்போது குட்டி மோட்டார் அறைக்குப் பின்னால் ஒளித்துக் கிடந்தது.

கோழிக்குக் காசு கொடுத்தேன். அன்ரி வாங்கினார், ஆனால் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால், இப்போது குட்டி கோழியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. நேற்றுத் தறையில் நன்றாக மணம் பிடித்து இழுத்துக்கொண்டு போனது, திடீரென்று நாக்கால் உதட்டை நக்கிவிட்டு வேலிப் பக்கம் போய்ப் புல் மணந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்கிற மாதிரி. அப்பா “பார், திருந்திவிட்டது” என்று சந்தோஷப்படுகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

வன்னியான் | மே 29

அடி போட்டது பிழை. இதை நானும் சொல்வேன். எங்கள் அப்பு பிள்ளைகளுக்கு அடித்திருக்கிறார், நாய்க்கு அடித்ததில்லை.

பனிமலை மாமா | மே 29

இது திருந்தியது இல்லை. பறவை மணம் வந்தால் அடி வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதனால் மணம் வராத மாதிரி நடிக்கிறது. கெட்டுப்போன நாய்களிலே திருத்துவதற்குக் கடினமான கேடு இதுதான். பாய்கிற நாயை நிறுத்தலாம், பறவையை விட்டு விலகுகிற நாய்க்கு ஆசையை எங்கிருந்து கொண்டுவந்து ஊட்டுவது? ஆனால் ஒரு முறைதான் அடி விழுந்திருக்கிறது, வயதும் சின்னது. கைவிட வேண்டாம்.

முதலில் ஒரு மாதம் பறவையே வேண்டாம். கோழி இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் ஓடவிடுங்கள். விளையாட்டு, சாப்பாடு, தண்ணீர், அவ்வளவும்தான். இந்த ஒரு மாதத்தில் “நில்” என்ற சொல்லை வளவுக்குள்ளே பழக்கலாம், பறவைக்குச் சம்பந்தமே இல்லாமல். சாப்பாட்டுத் தட்டை வையுங்கள், ஒரு பலகையில் குட்டியை நிற்கவையுங்கள், நிற்கும்போது வாலடியில் மெல்ல முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நாயின் குணம், தள்ளினால் எதிர்த்துப் பின்னுக்குச் சாயும். கால் நிலத்தில் ஊன்றும். அந்த ஊன்றல் உடம்பில் பதிந்தால் பிறகு உதவும்.

அவசரம் வேண்டாம். எங்களுக்கு இங்கே சட்டப்படியே ஏப்ரல் 1 தொடக்கம் ஆகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்க வேண்டும், தரைப் பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம். மலைக் கௌதாரி வேட்டை தொடங்குவது செப்டம்பர் 10. அதுவரை நாயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ரொரன்ரோ தம்பி | மே 30

நான் மாமாவோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். என்னிடம் ஜேர்மன் சோர்ட்ஹெயர் பொயின்ரர் இருக்கிறது. இங்கே நவ்டா என்று ஒரு வேட்டை நாய்ச் சங்கம் இருக்கிறது, 1969இல் தொடங்கியது. 16 மாதத்துக்கு உட்பட்ட நாய்களுக்கு இயல்புத் திறன் சோதனை வைக்கிறார்கள். மூக்கு, தேடல், தண்ணீர், நின்று காட்டல், தடம் பிடித்தல், வேலை விருப்பம், ஒத்துழைப்பு என்று பார்ப்பார்கள். பறவை பறந்த பிறகு நாய் கலைத்துக்கொண்டு ஓடினால் அந்த வயதில் புள்ளி குறைக்க மாட்டார்கள். நின்றதா, மூக்கால் நின்றதா என்பதுதான் கேள்வி. அதனால் “நில்” என்பதை இப்போதே ஊட்ட வேண்டாம் என்பது என் கருத்து. குட்டி கலைக்கட்டும். பறக்கிற பறவையை ஓடிப் பிடிக்க முடியாது என்று நாலு தரம் பட்டால் தானாக விளங்கும். குறிப்பாக இந்தக் குட்டிக்கு இப்போது ஆசைதான் திரும்பி வர வேண்டும்.

பனிமலை மாமா | மே 30

காட்டுப் பறவை என்றால் சரி, அது பிடிபடாது. ஊர்க்கோழி பிடிபடும். அச்சுவேலியில் எதைக் கலைக்க விடப் போகிறீர்கள்?

ரொரன்ரோ தம்பி | மே 30

அதுவும் சரிதான். பண்ணைக் காடை விடலாமா?

பனிமலை மாமா | மே 30

வேண்டவே வேண்டாம். கூட்டில் வளர்ந்த காடை நாலு அடி எழும்பி விழும். இரண்டாவது பாய்ச்சலில் வாய்க்குள். கோழிக் கதை திரும்பவும்.

புறாக்கூடு | மே 31

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். பருத்தித்துறைப் பக்கம், புறா வளர்ப்பு. எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தேவை நன்றாகப் பறக்கிற, நாய்க்குப் பிடிபடாத, சட்டத்துக்குள் வராத பறவை என்றால், அது என் கூரையில் நாற்பது இருக்கிறது. அச்சுவேலியில் விட்டால் நீங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிக்க முன்னம் வீட்டுக்கு வந்துவிடும்.

பனிமலை மாமா | மே 31

தம்பி, உங்களுக்குக் கோயில் கட்டலாம். இங்கே பழக்குகிறவர்களும் புறாவைத்தான் பாவிக்கிறார்கள். பெட்டி ஒன்றுக்குள் வைத்து, ரிமோட்டால் மூடியைத் திறக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டி ‘டப்’ என்று அடிக்கும். அடிபட்ட குட்டிக்கு அது ஆகாது. சத்தமில்லாமல் திறக்க ஏதாவது வழி பாருங்கள்.

புறாக்கூடு | மே 31

பனையோலையில் பின்னிய கடகம் இருக்கிறதே. கவிழ்த்து, விளிம்பில் கயிறு கட்டி, தூர நின்று இழுத்தால் சத்தமே வராது.

கிணற்றுத்தவளை | ஜூன் 1

நோர்வேயில் ரிமோட், பருத்தித்துறையில் கடகம். பெருமையாக இருக்கிறது.

வடலியடி | ஜூலை 6

ஒரு மாதம் சொன்னபடியே பறவை காட்டவில்லை. அப்பாவைச் சமாளிப்பதுதான் நாயைச் சமாளிப்பதை விடக் கஷ்டம். இன்று காலை முதல் தரம் புறா வைத்தோம். விபரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

புறாக்கூடு தம்பி விடியவே மூன்று புறாவோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். புறாவைக் கடகத்துக்குக் கீழே வைத்து, மேலே காய்ந்த வெங்காயத் தாளும் புல்லும் போட்டோம். பனையோலைப் பின்னல் நெருக்கமாக இருந்ததால் ஒரு பக்கம் விளிம்புக்கு அடியில் கல் வைத்து மணம் வெளியே வரவிட்டோம். தம்பி தும்புக் கயிறுதான் கொண்டுவந்திருந்தார், கை உரிந்துவிடும் என்று அதை விட்டுவிட்டு நைலோன் கயிறு. அவர் பனைக்குப் பின்னால் கயிறோடு. சோளகம் நல்ல பிடியாக வீசியது.

முதலாவது வீண். குட்டி நான் கடகம் வைக்க நடந்துபோன என் கால் தடத்தையே மணந்துகொண்டு நேரே போய்க் கடகத்தில் முட்டியது. தம்பி இழுக்க, புறா அதன் முகத்துக்கு முன்னால் படபடத்துப் போனது. குட்டி பதறிப் பின்வாங்கியது. எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. ஆனால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து கடகத்தின் அடியை மணந்து பார்த்தது. வால் ஆடியது.

இரண்டாவதை நான் வைக்கவில்லை. தம்பி வேலிப் பக்கத்தால் சுற்றிப் போய் வைத்தார். பத்து நிமிடம் குட்டியைக் கிணற்றடியில் வைத்திருந்துவிட்டுக் காற்றுக்கு எதிராக அவிழ்த்தேன். இருபது யார் தூரம் இருக்கும், ஓடிக்கொண்டிருந்தது தலையைச் சட்டென்று இடப்பக்கம் எறிந்தது. இரண்டு எட்டு மெதுவாக. அப்புறம் நின்றது. நாக்கை நக்கியது. ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைதான் தாங்க முடியவில்லை. நான் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அங்கே என்னவோ இருக்கிற மாதிரி. ஏழெட்டு விநாடி போயிருக்கும். குட்டி திரும்பக் கடகப் பக்கம் முகத்தை வைத்தது. வால் விறைக்கவில்லை, பாதியில் தொங்கியது. ஆனால் நின்றது. நான் சுற்றிப்போய் முன்னால் நடக்க, தம்பி இழுக்க, புறா பருத்தித்துறைக்குப் போனது. குட்டி வேலி வரை கலைத்துக்கொண்டு ஓடி, குரைத்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

மூன்றாவதை விடவில்லை. வெயில் ஏறிவிட்டது.

பனிமலை மாமா | ஜூலை 6

மூன்றாவதை விடாமல் வந்தீர்களே, அது நாலு புறா விட்டதற்குச் சமன். கால் தடம் விஷயத்தை நான் முதலே சொல்லியிருக்க வேண்டும், என் பிழை. கிழமைக்கு இரண்டு நாள், நாளைக்கு இரண்டு புறா, அதற்கு மேல் வேண்டாம். பாயத் தொடங்கினால் அது எட்டுவதற்கு முன்பே கயிறை இழுக்க வேண்டும். கிட்டப் போனால் பறவை போய்விடும் என்ற பாடத்தைப் பறவைதான் படிப்பிக்க வேண்டும், நீங்கள் இல்லை. உண்மையான கௌதாரியும் அப்படித்தான். தன் நிறத்தை நம்பிப் படுத்திருக்கும், நாய் ஒரு எல்லையைத் தாண்டினால் கிளம்பிவிடும். அந்த எல்லை எங்கே என்பது நாய்க்குத்தான் தெரியும். எனக்கு இன்றும் தெரியாது.

கலைத்துக்கொண்டு ஓடியதைப் பற்றி ரொரன்ரோ தம்பி சொன்னது இந்தக் குட்டிக்குச் சரி. ஒத்துக்கொள்கிறேன். ஒரு வயதுக்குப் பிறகு அதைப் பார்ப்போம்.

ரொரன்ரோ தம்பி | ஜூலை 7

இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, மாமா ஒத்துக்கொண்டது.

நாலுகால் நண்பி | ஜூலை 7

கடகத்துக்குள் புறாவை அதிக நேரம் வைக்காதீர்கள், அதற்கும் சூடுதான். இன்னொன்று, திருவிழாக் காலம் வருகிறது. வெடி கொளுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் குட்டியைக் கொண்டுபோக வேண்டாம். “இப்போதே பழகட்டும்” என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். பயந்த நாய்க்கு அது பழக்கம் இல்லை. துவக்குச் சத்தம் பழக்குகிறவர்களே தூரத்தில் சின்னச் சத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். இந்த நாய்க்கு அந்தச் சத்தமே தேவையில்லை.

வன்னியான் | ஜூலை 7

யாருக்குத்தான் தேவை, பிள்ளை.

வடலியடி | ஆகஸ்ட் 17

நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்டீர்கள். சுட்டிக்கு ஏழரை மாதம் தாண்டிவிட்டது. இடையில் ஒரு கிழமை உண்ணிக் காய்ச்சல் மாதிரி வந்து, மருந்து எடுத்து மாறிவிட்டது. புறா பத்துப் பன்னிரண்டு தரம் வைத்திருப்போம். வால் இப்போது விறைக்கிறது. என்னைத் திரும்பிப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. கோழிக்குப் பக்கத்தால் கயிற்றில் கட்டித்தான் கொண்டுபோகிறேன், படலைக்குப் புதுக் கொழுக்கியும் போட்டாயிற்று. அன்ரி நேற்று மகளிடம் முருங்கைக்காய் கொடுத்து விட்டார்.

இன்று விடிய கடகமும் இல்லை, புறாவும் இல்லை, சும்மா நடக்கத்தான் போனோம். வடலிக் (இளம் பனை) கூடலுக்கு இந்தப் பக்கம் முழங்கால் அளவு புல் நிற்கிற தறை. குட்டி காற்றுக்குள் வெட்டி ஓடிக்கொண்டு போனது, புல்லுக்கு நடுவில் காணவில்லை. கூப்பிட வாய் எடுத்தேன், மாமா சொன்னது நினைவு வந்து பேசாமல் போனேன். பார்த்தால் ஒரு வடலிக்கு முன்னால் நிற்கிறது. முன்னங்கால் மடங்கி, அன்றைக்குக் கோழிக்கு முன்னால் நின்ற அதே மாதிரி. காதுக்கு மேல் இலையான் ஒன்று இருந்தது, அதைக்கூட உதறவில்லை. வடலி அடியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, காய்ந்த ஓலையும் மண்ணும்தான்.

கிளப்பவில்லை. நாலுகால் அக்காவின் ஏச்சு பயம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். ஒரு நிமிடம் இருக்கும். ஓலைக்குள் இருந்து முதலில் ஒரு கௌதாரி நடந்து வெளியே வந்தது, பிறகு இன்னொன்று, அப்புறம் இரண்டும் ‘விர்’ என்று எழும்பிப் பனங்கூடல் பக்கம் போயின. குட்டி நடுங்கியது. நானும்தான்.

கிணற்றுத்தவளை | ஆகஸ்ட் 17

படம்?

வடலியடி | ஆகஸ்ட் 17

எடுத்தேன். வால் மட்டும் விழுந்திருக்கிறது.